மாமா தொழப் போன நேரம்

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணி. இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் ஒரு வீடு பத்து நாளாகப் பயந்து கொண்டிருந்தது இந்த நேரத்துக்குத்தான். அந்த வெள்ளிக்கிழமை இன்று விடிந்தே விட்டது.

மறந்துபோனவர்களுக்காக ஒரு சொல். ஹமீட், றபீக்கா தம்பதியின் மகள் நுஸ்ரத் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் முதுமாணிப் பட்டம் படிக்கிறாள். தங்கியிருப்பது றபீக்காவின் தம்பி பஸாலின் வீட்டில். கீழே பஸாலின் பலசரக்குக் கடை, மேலே வீடு. மாணவர் விசாவில் போனவர்கள் படிப்புக் காலத்தில் கிழமைக்கு இருபது மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். நுஸ்ரத் கெம்பஸ் நூலகத்தில் எட்டு மணித்தியாலம் வேலை செய்தாள். அதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

பிரச்சினை கீழே இருந்த கடையில். மாமா பள்ளிக்குத் தொழப் போகும் நேரமெல்லாம் அவள் இறங்கி வந்து கடையில் நின்றாள். அதை வேலை என்று அவள் நினைக்கவே இல்லை. கல்முனை பஸாரில் பிறந்து வளர்ந்த யார்தான் நினைப்பார்கள்? பாங்கு சொன்னால் கடைக்காரர் பள்ளிக்குப் போவார், வீட்டில் சும்மா இருக்கிற ஆள் வந்து காசு லாச்சிக்கு முன்னால் குந்தும். அதற்குச் சம்பளமா கேட்பார்கள்?

சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை வேலைதான் என்று கெம்பஸ் கடிதம் போட்டுவிட்டது. இன்று அங்கே பகல் பன்னிரண்டு மணிக்குள், அதாவது இங்கே நாலரைக்குள், நுஸ்ரத் விளக்கம் கொடுக்க வேண்டும். விளக்கம் சரியில்லையென்றால் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிப்பார்கள். பிறகு விசா இல்லை. இன்னும் ஐந்து மாதத்தில் முடியவேண்டிய படிப்பும் இல்லை.

கெம்பஸுக்கு இந்த விஷயம் எப்படித் தெரிந்தது? அதைத்தான் றபீக்கா எட்டு நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்தாள். செய்தி தெரிந்து இரண்டு நாள் கழித்து நுஸ்ரத் அனுப்பிய கெம்பஸ் கடிதம் இரண்டு பக்கம். கணவனிடம் அவள் கொடுத்தது முதல் பக்கத்தை மட்டும். இரண்டாம் பக்கம் அவளுடைய கைப்பையில் நான்காக மடிந்து கிடந்தது. அதில் இருந்தது ஹமீட் தானே அடிப்பித்து, முத்திரை குத்தி, கெம்பஸுக்கு அனுப்பிய உறுதிக் கடிதம்.

*

காலை ஒன்பது மணிக்கே ஹமீட் குளித்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, முற்றத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்.

“எடுத்தானா உன்ட தம்பி?”

“மணி அடிக்குது. எடுக்கிறான் இல்ல.”

“எடுக்க மாட்டான். சுபஹுக்கு எழும்பித் தொழுதிரிப்பான், போன மட்டும் எடுக்க மாட்டான். என்ட புள்ளய கடைக்குள்ள நிப்பாட்டிப் போட்டு, இப்ப ஒளிச்சித் திரியிறான். இண்டைக்கு லோயர் யசோதினி மிஸ்ட போய் சத்தியக்கடதாசி முடிக்கப் போறன். பஸால்தான் வற்புறுத்தி நிப்பாட்டின எண்டு எழுதி, சீலும் குத்தி அனுப்பினாத்தான் அவனுக்குப் புத்தி வரும்.”

சொல்லிக்கொண்டே சேர்ட் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். முத்திரை உள்ளே இருந்தது.

இந்த முத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹமீட் பஸாரில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். இரண்டு வருடத்துக்கு முன் சமாதான நீதவானாக, ஆங்கிலச் சுருக்கத்தில் ஜேபியாக, நியமனம் கிடைத்தது. அன்றிலிருந்து அந்த இறப்பர் முத்திரை அவரை விட்டுப் பிரிந்ததில்லை. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, வதிவிட உறுதி, பாடசாலை அனுமதி, எதைக் கொண்டு வந்தாலும் குத்திக் கொடுப்பார், ஒரு சதம் வாங்க மாட்டார். “ஜேபி நானா” என்று யாராவது கூப்பிட்டால் அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் நல்ல நாள். அவருடைய சேர்ட் பைகள் எல்லாவற்றிலும் ஊதா மை. றபீக்கா தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

பெப்ரவரி மாதத் தொடக்கத்தில் கெம்பஸ் எல்லா வெளிநாட்டு மாணவர்களிடமும் தங்குமிட விபரம் கேட்டது. நுஸ்ரத் ஒழுங்காகப் பதில் எழுதிக் கொடுத்தாள். வாப்பாவுக்கு அது போதவில்லை. ஒரு கந்தோர் விபரம் கேட்கிறது, ஜேபியின் உறுதிக் கடிதம் இல்லாமல் யாராவது கொடுப்பார்களா? டைப்பிங் கடையில் குந்தி, ஆங்கிலத்தில் அடிப்பித்து, குத்தி, அங்கிருந்தே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் மகளுக்கே சொன்னார். நல்லது செய்த மனுசனின் சந்தோசத்தோடு சொன்னார்.

“இஞ்சாருங்க,” என்றாள் றபீக்கா. “தம்பிட பேர அதுக்குள்ள இழுக்காதீங்க. அவனுக்குத் தண்டம் அடிச்சிப் போடுவாங்க.”

“உனக்கு மகளா, தம்பியா?”

அவளிடம் பதில் இருந்தது. அது கைப்பைக்குள் இருந்தது. எடுக்கத் தைரியம் வரவில்லை.

*

யசோதினியின் அலுவலகம் நீதிமன்றத்துக்கு முன்னால் உள்ள மாடியில். பாண்டிருப்பைச் சேர்ந்தவள், பதினைந்து வருடமாகச் சட்டத்தரணி. நீட்டி முழக்கிக் கதைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

முதல் பக்கத்தை வாசித்து முடித்துத் திருப்பிப் பார்த்தாள். “ஹமீட் நானா, மற்றப் பக்கம் எங்க? ‘இணைப்பைப் பார்க்கவும்’ எண்டு போட்டிருக்கு.”

“இவ்வளவுதான் வந்த.”

“இல்ல, இன்னொண்டு இருக்கு. அதிலதான் விஷயமே இருக்கும்.”

“பிரிண்ட் எடுக்கக்குள்ள மை முடிஞ்சி போச்சி,” என்றாள் றபீக்கா.

“அப்ப போன்ல இருக்குமே. காட்டுங்க றாத்தா. அதப் பாக்காம நான் ஒரு எழுத்தும் எழுத மாட்டன்.”

றபீக்கா கணவனைப் பார்த்தாள். அவர் ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி மறைக்க வழியில்லை. கைப்பையைத் திறந்து மடித்த கடதாசியை எடுத்து மேசையில் வைத்தாள்.

யசோதினி விரித்து, வாசிக்க வாசிக்கத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். “‘எனது மகள் தினமும் பின்னேரம் அஸர் நேரத்திலிருந்து இரவு வரை தனது மாமாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அதற்குப் பதிலாக அவளுக்குத் தங்க இடமும் உணவும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே அவளுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை என்பதை இத்தால்...’”

மிச்சத்தை ஹமீடே சொன்னார். “உறுதிப்படுத்துகிறேன்.”

யசோதினி அப்போதுதான் கீழே இருந்த முத்திரையைப் பார்த்தாள். கடதாசியை மெதுவாக மேசையில் வைத்தாள்.

கீழே தெருவில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது.

“உனக்குத் தெரியும்,” என்றார் ஹமீட் மனைவியிடம்.

“ஓம்.”

“எத்தின நாளா?”

“எட்டு நாள். நுஸ்ரத்துதான் சொல்ல வேணாம் எண்டாள். வாப்பா தாங்க மாட்டார் எண்டு அழுதாள்.”

“எட்டு நாளா உன்ட தம்பிக்கு என்ட வாயால ஏச ஏச, நீ பாத்துக்கிட்டு இரிந்திரிக்காய்.” சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் றபீக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “புள்ளைக்கு நான்தான் இதச் செஞ்சிரிக்கன்.”

யசோதினி நேரத்தைப் பார்த்தாள். அழுவதற்கான நேரமில்லை இது. “நானா, நீங்க லெஸ்டருக்குப் போயிருக்கீங்களா?”

“இல்ல.”

“அவ கடையில நிண்டத கண்ணால கண்டீங்களா?”

“போன்ல சொன்னா. மாமா தொழப் போற நேரம் நான்தான் கடையில எண்டு.”

“தொழப் போற நேரம். அவ சொன்னது அவ்வளவுதானே? பிறகு அஸர்ல இருந்து இரவு வரைக்கும் எண்டு நீங்க ஏன் எழுதினீங்க?”

ஹமீட் தலையைக் குனிந்துகொண்டார். “மச்சான்ட வீட்டில என்ட மகள் சும்மா குந்தித் திங்கிறாள் எண்டு ஒருத்தரும் நினைக்கக் கூடாது, மிஸ். அதுக்குத்தான்.”

யசோதினி நுஸ்ரத்துக்கு அழைப்பு எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். அங்கே காலை ஆறு மணி தாண்டியிருந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள். வாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அறிந்ததும், “வாப்பா, உங்கள்ல பிழை இல்ல,” என்று தொடங்கினாள்.

“அது பிறகு, தங்கச்சி. மாமா பள்ளிக்குப் போய் வர எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“பள்ளி பக்கத்திலதான். போய்த் தொழுதிட்டு வர அரை மணித்தியாலம், அக்கா.”

“ஒரு நாளைக்கு எத்தின தரம் நிண்டீங்க?”

“அஸர், மஃரிப், இஷா. மூணு. லுஹர் நேரம் நான் கெம்பஸ்ல, மாமி நிப்பா.”

யசோதினி காகிதத்தில் எழுதினாள். ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம். ஏழு நாளைக்குப் பத்தரை. நூலகத்தில் எட்டு. “பதினெட்டரை!” முதல் தடவையாக அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. “இருபதுக்குள்ளதான் நிக்கிது நானா. இடத்தையும் சாப்பாட்டையும் கூலி எண்டு எடுத்தாலும் அளவுக்குள்ளதான். உங்கட கடிதம்தான் அத இரவு வரைக்கும் இழுத்து வச்சிருக்கு.”

ஹமீட் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அல்ஹம்துலில்லாஹ்.”

“தங்கச்சி, ஒவ்வொரு கிழமையும் இதே கணக்குத்தானே?”

“கூடுதலா அப்பிடித்தான், அக்கா.”

றபீக்காவுக்கு நோன்பு மாதம் ஞாபகம் வந்துவிட்டது. கைப்பையை இழுத்து மூடினாள்.

யசோதினி ஹமீடுக்கான சத்தியக்கடதாசியைத் தட்டச்சு செய்தாள். “‘நான் லெஸ்டர் நகருக்கு ஒருபோதும் சென்றதில்லை. முன்னைய கடிதத்தில் எழுதியதை நான் கண்ணால் காணவில்லை. பெருமைக்காகக் கூட்டி எழுதினேன்.’”

“அந்தப் பெருமைக்காக எண்ட சொல் வேணுமா, மிஸ்?”

“அது உண்மையா, இல்லையா?”

ஹமீட் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் பெயர் போட்டு, அவர் பதவி போட்டு, அவரே தன்னைப் பெருமைக்காரன் என்று சத்தியம் செய்யும் கடதாசி அது. “இரிக்கட்டும்,” என்றார்.

கையெழுத்து வைத்தார். பழக்க தோசத்தில் கை பைக்குள் போய் முத்திரையை எடுத்தது.

“உங்கட சத்தியத்துக்கு நீங்களே சீல் குத்த ஏலாது நானா,” என்றாள் யசோதினி. “அத நான்தான் குத்தோணும்.”

முத்திரையைத் திருப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

*

ஜும்ஆவுக்கு ஹமீட் பள்ளிக்குப் போய்விட்டார். வீட்டில் றபீக்கா தனியாக இருந்தாள். தம்பிக்கு அழைத்தாள். ஒன்பதாவது தடவை. பத்தாவது. பதினோராவது. எடுக்கவில்லை.

பஸாலுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவர்களுடைய உம்மா மௌத்தாகிவிட்டார். அன்றிலிருந்து அவனுக்கு உம்மா, றாத்தா எல்லாம் இவள்தான். சோறூட்டினாள், குளிப்பாட்டினாள், ஓதப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அவன் தொழுகிறானா என்ற கவலை அவனுக்கு நாற்பது வயதாகியும் அவளுக்குத் தீரவில்லை.

நோன்பின் முதல் நாள் பஸாலின் மனைவி றுக்ஸானா போனில் சொன்னாள்: “இவர் தராவீஹுக்குப் பள்ளிக்குப் போறதில்ல மதினி. கடையப் பூட்டினா வியாபாரம் போயிடும் எண்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால நிண்டு தனியத் தொழுறார். நான் நிக்கலாம் எண்டா சின்னது பாலுக்கு அழுகுது.”

அது றபீக்காவைச் சுட்டது. ஊரெல்லாம் பள்ளி நிறைந்து இரவில் நீண்ட நேரம் தராவீஹ் தொழுகிற மாதம், தன் தம்பி அரிசி மூட்டைக்குப் பின்னாலா? உடனே மகளுக்கு அழைத்தாள்.

“மகள், இஷாவோட மாமாவப் பள்ளிக்கு அனுப்பு. தராவீஹ் முடிஞ்சி வாற வரைக்கும் நீ கடையில நில்லு. ரெண்டு மணித்தியாலம்தானே.”

“படிக்க மிச்சம் கிடக்கு, உம்மா.”

“ஒரு மாசம்தான். மாமாட நன்மையில உனக்கும் பங்கு கிடைக்கும்.”

நுஸ்ரத் நின்றாள். மாதம் முடியும் வரை எல்லா இரவும் நின்றாள். உம்மா சொன்னால் மறுக்கிற பிள்ளை இல்லை அவள்.

இப்போது றபீக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அஸருக்கு அரை, மஃரிபுக்கு அரை, இரவில் இரண்டு. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம். கிழமைக்கு இருபத்தொன்று. நூலகத்தின் எட்டையும் சேர்த்தால் இருபத்தொன்பது. திரும்பவும் எண்ணினாள். குறையவில்லை. நோன்பு மாதத்தின் நாலு கிழமையும் சட்டத்துக்கு வெளியே நின்றன. அந்த நாலு கிழமையையும் மகளிடம் கேட்டு வாங்கியது இவள்தான்.

எட்டு நாளாக அவள் கணவனைப் பார்த்துப் பாவப்பட்டாள். உண்மையைச் சொல்வதானால், பாவத்தோடு கொஞ்சம் மேட்டிமையும் இருந்தது. மனுசன் முத்திரையைத் தூக்கிக்கொண்டு திரிந்து பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாரே என்று. ஹமீட் கூட்டி எழுதியது பொய்க் கணக்கு, அதைத் திருத்திவிடலாம். இவள் கூட்டியது உண்மையான மணித்தியாலம். அதை எந்தச் சத்தியக்கடதாசியால் குறைப்பது?

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டே தொழுதாள். தொழுது முடித்ததும் அது இன்னும் பாரமாகத்தான் இருந்தது.

ஹமீட் திரும்பி வந்தார். சோறு ஆறிக் கிடந்தது. இருவரும் சாப்பிடவில்லை.

*

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நுஸ்ரத்தின் முகம் ஹமீடின் போன் திரையில் வந்தது. நூலகத்தின் மூன்றாம் மாடியில், ஒரு மூலையில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. கெம்பஸ் அனுப்பிய விளக்கப் படிவத்தில் எழுதியதை வாசித்துக் காட்டினாள். தொழுகை நேரம், அரை மணித்தியாலம், பதினெட்டரை. வாப்பாவின் சத்தியக்கடதாசியையும் இணைத்திருந்தாள்.

“நல்லாரிக்கி மகள்,” என்றார் ஹமீட். “அனுப்பு.”

அவள் அனுப்பவில்லை. “உம்மா, நோன்பு மாசத்த எழுதட்டா, விடட்டா?”

“நோன்பு மாசத்தில என்ன?” என்று ஹமீட் கேட்டார்.

நுஸ்ரத் சொன்னாள். தராவீஹ். இரண்டு மணித்தியாலம். இருபத்தொன்பது. ஒவ்வொன்றும் விழ விழ ஹமீடின் முகம் சுருங்கிக்கொண்டு போனது.

“மாமாவா நிக்கச் சொன்ன?”

“இல்ல வாப்பா. நானாத்தான் நிண்டன்.”

உம்மாவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். அந்தப் பொய்க்குள் றபீக்கா ஒளிந்துகொண்டிருக்கலாம். மகளே கதவைத் திறந்துவிட்டிருந்தாள்.

“பொய்,” என்றாள் றபீக்கா. “நான்தான் நிக்கச் சொன்ன. படிக்கக் கிடக்கு எண்டவள, நன்மை கிடைக்கும் எண்டு சொல்லி நிப்பாட்டின நான்தான்.”

“உம்மா, விடுங்க.”

“அந்தப் படிவத்தில கேட்டிரிக்காங்களே, வேலை செய்யச் சொன்னது ஆர் எண்டு. அதுக்கு என்ன எழுதினாய்?”

“ஒருத்தரும் இல்ல எண்டு.”

“அழி அத. என்ட பேர எழுது.”

ஹமீட் எழுந்து நின்றார். இப்போது அவர் ஏச வேண்டும். எட்டு நாள் கடனைச் சேர்த்து ஏச வேண்டும். றபீக்கா அதற்குத் தயாராக நின்றாள். அவர் திரும்பவும் கதிரையில் விழுந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“ரெண்டு பேருமாச் சேந்து புள்ளட கழுத்த அறுத்திரிக்கம், றபீக்கா.”

“வாப்பா, நேரம் போகுது,” என்று நுஸ்ரத் அழத் தொடங்கினாள். “நோன்பு மாசத்த எழுதினா என்ன அனுப்பிப் போடுவாங்க. எழுதாட்டி ஒருவேளை தப்புவன். ஆனா ஒரு நாளைக்குக் கண்டுபிடிச்சா பொய் சொன்னவள் எண்டு எந்த நாட்டுக்கும் போக ஏலாமப் போயிடும். எனக்குத் தெரியா. நீங்க சொல்லுங்க.”

இருபத்து நாலு வயதுப் பிள்ளை, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து, தன்னைக் கவிழ்த்த இரண்டு பேரிடமே வழி கேட்டது.

ஹமீட் முகத்திலிருந்து கையை எடுத்தார். “எழுது மகள். வாப்பா கூட்டி எழுதின. நீ குறைச்சி எழுதாத.”

நுஸ்ரத் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். விசைகள் தட்டுப்படும் சத்தம் மட்டும் போனில் கேட்டது. றபீக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பத்து. நாலு பதினாறு.

“கடைசியா உங்கட பேரையும் போட்டன், உம்மா.”

“அனுப்பு.”

நாலு இருபத்தொன்றுக்கு, “போயிட்டு,” என்றாள் நுஸ்ரத்.

ஒருவருக்கும் சந்தோசம் வரவில்லை. ஆனாலும் பத்து நாளுக்குப் பிறகு மூன்று பேரும் ஒரே உண்மையைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

றபீக்காவின் போன் அடித்தது. பஸால்.

“தம்பி! காலையில இரிந்து எடுக்கிறன், எங்கடா நிக்கிறாய்?”

“கோவிக்காதீங்க றாத்தா. ராவெல்லாம் நித்திரை இல்ல. நீங்க எடுத்தா அழுவீங்க, நானும் அழுவன், அதுதான் எடுக்கல்ல.” மூச்சு வாங்கினான். “கேளுங்க. நான் கடையப் பூட்டிட்டு வந்திரிக்கன்.”

கடையைப் பூட்டிவிட்டா? பெருநாள் இரண்டும் தவிர, பதினொரு வருடத்தில் பஸால் பகலில் கடை பூட்டியதாக அவள் கேள்விப்பட்டதில்லை. ஹமீடும் நெருங்கி வந்து போனுக்குக் காதைக் கொடுத்தார்.

“எங்க வந்திரிக்காய்?”

“நுஸ்ரத்துட கெம்பஸுக்கு. வெளிநாட்டுப் புள்ளைகள்ட விஷயம் பாக்கிற கந்தோர் வாசல்ல நிக்கிறன். அவளுக்குத் தெரியா. உள்ளுக்குப் போய், இவள் ஒரு நாளும் என்ட கடையில நிக்கல்ல எண்டு சொல்லப் போறன். மச்சான் எழுதினது முழுக்கப் பிழை எண்டு. கடைக்காரன் நானே சொன்னா நம்பத்தானே வேணும்?”

“தம்பி, வேணாம்...”

“பயப்படாதீங்க. லாச்சிக்கு மேல இரிந்த கெமராட பதிவெல்லாம் அழிச்சிட்டன். நோன்பு மாசம் முழுக்க அழிச்சிட்டன். எனக்குத் தராவீஹ் கிடைக்கோணும் எண்டு நிண்ட புள்ள, றாத்தா. அவள அனுப்ப விட மாட்டன்.”

“பஸால், நில்லு! அவள் எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டாள்! நிண்டத எழுதிட்டாள்!”

“ஆ? இங்க சத்தமாரிக்கி, கேக்குதில்ல. இந்தா, என்ட பேரக் கூப்புடுறாங்க. துஆ செய்யுங்க, றாத்தா.”

தொடர்பு அறுந்தது.

றபீக்கா திரும்ப அழைத்தாள். பன்னிரண்டாவது தடவை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகள் நின்றேன் என்று கையெழுத்து வைத்து மூன்று நிமிடம் ஆகவில்லை. அவள் நிற்கவே இல்லை என்று சொல்ல பஸால் உள்ளே போகிறான், சாட்சியையும் அழித்துவிட்டு. இனி யார் இந்தக் குடும்பத்தின் ஒரு சொல்லை நம்புவார்கள்?

“மகள்!” ஹமீட் மற்றப் போனைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார். “அந்தக் கந்தோர் எங்க இரிக்கி?”

“அடுத்த கட்டிடம், கீழ் மாடி. ஏன் வாப்பா?”

“ஓடு! மாமா உள்ள போறார். அவர் வாயத் திறக்கிறதுக்கு முதல் போய்ச் சேரு. ஓடு மகள்!”

திரை சாய்ந்தது. நூலகத்தின் கூரை தெரிந்தது, பிறகு தரை, பிறகு படிகள். ஒரு மாடி, இன்னொரு மாடி. நுஸ்ரத்தின் மூச்சும் செருப்புச் சத்தமும் மட்டும் வந்துகொண்டிருந்தன.

மணிக்கூட்டில் நாலு இருபத்தேழு. றபீக்கா நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டாள். நோன்பு மாதத்தில் இரவில் இரண்டு மணித்தியாலம் பூட்டியிருந்தால் போதும் அந்தக் கடை. பஸால் இன்றைக்குத்தான் பூட்டினான்.